விட்டவருக்குச் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை

ஐந்து சீட்டுகளும் கவிழ்ந்து கிடந்தன. சாரல் ஈரத்தில் ஊறி, ஓரங்கள் அப்பளம்போல் நெளிந்துபோன பழைய சீட்டுகள். ஆட்டம் முடிந்துவிட்டது. பாயின் நடுவே குவிந்திருந்த புளியங்கொட்டைகளை இரண்டு கைகளாலும் என் பக்கம் வாரிக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் என்று குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கை காலியாக இருந்திருந்தால் அதை அந்தச் சீட்டுகளின்மேல் வைத்திருப்பேன்.

என் கணவரின் வலது கை பாயின் குறுக்கே நீண்டு வந்தது. ஒரே புரட்டு. ஐந்தும் மல்லாந்தன.

"ஏயப்பா!" என்று சிரித்தார் கணவரின் நண்பர் பேச்சிமுத்து. "ஒண்ணுமே இல்ல! ஒரு ஜோடிகூட இல்லலே சங்கரா!"

"பொய்" என்றார் என் கணவர். "அம்புட்டும் பொய்."

இது நடந்து மூன்று சாரல் போய்விட்டது. இந்தத் தொடரில் என் தகப்பனாரைப் பற்றியும், நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தைப் பற்றியும் எழுதியபோதெல்லாம் ஆறிய மனத்தோடுதான் எழுதினேன். இந்த வாரம் அது இயலாது. ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கூட்டாளி கிடைக்காதவள்

தென்காசியில் குடியிருந்துகொண்டு குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்குவதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கியதும், ஒரு வாரம் நாங்கள் அங்கே போய்விடுவோம். ஐந்தருவிச் சாலையில் பேச்சிமுத்துவின் மைத்துனருக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. துவைத்த துணி அங்கே ஒருநாளும் காயாது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடியில் ஈரத் துண்டுகள் தொங்க, அவற்றுக்குக் கீழே குனிந்துதான் நடமாட வேண்டும்.

பேச்சிமுத்து தென்காசியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். காதர் அண்ணாச்சி வடகரைக்காரர்; சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீசியனாக உலகம் சுற்றிவிட்டு ஓய்வுபெற்றவர்; கப்பலில் இருந்த நாளிலும் சாரலுக்கு விடுப்பில் வந்துவிடுவார். தேவராஜ், மருந்துக்கடைக்காரர். நான்காவது, இவர்கள் சங்கரா என்று கூப்பிடும் என் கணவர். நால்வரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. முப்பது ஆண்டுகளாகச் சாரலுக்குச் சாரல் கூடி இருபத்தெட்டு ஆடுவார்கள்.

செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் அனைவருக்கும் இருபத்தெட்டு தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஆட்டம். எதிரெதிரே உட்காரும் இருவர் கூட்டாளிகள். நால்வர் இருந்தால்தான் ஆட முடியும்.

அந்த ஆண்டு தேவராஜ் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போதாக்குறைக்கு, நாங்கள் போன அன்றே அருவிகளில் வெள்ளம். கரையில் கயிற்றைக் கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்கவும் முடியாது, ஆடவும் முடியாது. மூன்று ஆண்கள் பகல் முழுவதும் ரம்புட்டான் தோலை உரித்துப் போட்டுக்கொண்டு ஓட்டின்மேல் ஓடும் குரங்குகளை வைதுகொண்டிருந்தார்கள்.

"நான் வேண்டுமானால் நாலாவது கையாக உட்காருகிறேன்" என்றேன். நான் பிறந்தது செங்கோட்டையை ஒட்டிய இலத்தூர். அண்ணன்மார் ஆட, பக்கத்திலிருந்து பார்த்தே இருபத்தெட்டைக் கற்றவள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சங்கரா, மைனிய நீயே கூட்டாளியா வச்சுக்கோ" என்றார் பேச்சிமுத்து.

"எனக்கு எதுக்குலே? அவளுக்கு எந்தச் சீட்டு இறங்குச்சுன்னு ஞாபகம் இருக்காது. ஆட்டம் நாறிப் போவும்."

ஆயிரக்கணக்கான புத்தகங்களில் எது எந்த அடுக்கில் எந்த மூலையில் இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமலே தெரிந்து எடுத்துக் கொடுத்தவள் நான். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நாள்தோறும் காலையில் என்னிடம் கேட்பவர் அவர். பொறுமை என்பது எனக்குப் பழக்கமாகிவிட்ட ஒரு கெட்ட குணம்.

அப்போதுதான் காதர் அண்ணாச்சி வாய் திறந்தார். "கூட்டாளியே வேண்டாத ஆட்டம் ஒண்ணு இருக்கு. அவனவன் கை அவனவனுக்கு. கப்பல்ல ஆடுவோம். போக்கர்."

"அது காசு வச்சு ஆடுததுல்லா?" என்றார் பேச்சிமுத்து, கண் மின்ன.

"காசுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, பையைத் தூக்கிட்டு வடகரைக்கு பஸ் ஏறிருவேன். நாங்க தீக்குச்சி வச்சு ஆடுவோம். இங்கன ஈரத்துல தீக்குச்சி ஆவாது. கொஞ்சம் சிப்ஸ் இருந்தா நல்லா இருக்கும்."

பேச்சிமுத்து குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். கால்மணி நேரத்தில், சூடு ஆறாத நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு கிலோவோடு திரும்பினார். வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசனை.

காதர் அண்ணாச்சி பொட்டலத்தையும் நண்பரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே, சிப்ஸ்னா பந்தயத்துக்கு வைக்கிற வில்லைலே!"

"அதை மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? வாங்கினது வாங்கியாச்சு, இதையே வைப்போம்."

வைத்தோம். இரண்டாவது ஆட்டத்திலேயே குவியல் பாதியாகிவிட்டது. தோற்ற சிப்ஸைவிடத் தின்ற சிப்ஸ் அதிகம். கடைசியில் பேச்சிமுத்துவின் மனைவி செல்வி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளியிலிருந்து எடுத்த கொட்டைகளை ஒரு சொளகு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கு நாற்பது.

குலானுக்கு வந்த தாழ்வு

ஆட்டத்தைக் காதர் அண்ணாச்சி அழகாகச் சொன்னார். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஆட்டத்தில் சேர ஒரு கொட்டை. கையைப் பார்த்துவிட்டு, நம்பிக்கை இருந்தால் மேலும் கொட்டை வைக்கலாம். மற்றவர்களும் அதே அளவு ஈடு வைத்தால் தொடரலாம். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். பிறகு, வேண்டாத சீட்டுகளைக் கொடுத்துப் புதுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மீண்டும் ஒருமுறை கொட்டை வைத்தல். கடைசிவரை நின்றவர்கள் சீட்டைக் காட்ட வேண்டும். உயர்ந்த கைக்கு எல்லாக் கொட்டையும்.

ஒரே மதிப்பில் இரண்டு வந்தால் ஜோடி. அதைவிட உயர்ந்தது இரண்டு ஜோடி. அதைவிட, ஒன்றுபோல் மூன்று. வரிசையாக ஐந்து வந்தால் இன்னும் மேல். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

சீட்டுக் கட்டைப் பார்த்ததுமே எனக்கு ஒரு மகிழ்ச்சி. இருபத்தெட்டில் ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளுக்கு ஆட்டத்திலேயே இடமில்லை. முப்பது ஆண்டுகளாகப் பெட்டியின் அடியில் கிடந்தவை. அந்த இரண்டும் மூன்றும் நான்கும் புத்தம்புதிதாக, மூலை மடங்காமல் இருந்தன. கையில் வாங்கும்போதே மொரமொரப்பில் தெரிந்துவிடும். "தொட்டா தெரியுதே, இது கள்ள ஆட்டம்" என்று பேச்சிமுத்து சண்டைக்கு வந்ததால், எல்லாச் சீட்டையும் ஒரு மணி நேரம் சாரலில் காட்டி ஒரே நிலைக்குக் கொண்டுவந்தோம்.

நான்காவது ஆட்டத்தில் எனக்கு இரண்டு குலான் வந்தது. ராணிக்கு அடுத்த படியில் நிற்கும் இளைஞன் படத்துக்கு எங்கள் பக்கத்தில் குலான் என்று பெயர். இருபத்தெட்டில் குலானை அடிக்க ஆள் கிடையாது. ராஜாவுக்கும் ராணிக்கும் அங்கே மதிப்பு சுழி. குலான் வந்த கை, வென்ற கை.

ஆகவே பத்துக் கொட்டைகளைத் தள்ளிவைத்தேன். பேச்சிமுத்து மட்டும் ஈடு வைத்தார். நான் பெருமிதத்தோடு குலான்களை மலர்த்தினேன். அவர் இரண்டு ராஜாக்களை மலர்த்திவிட்டு, "போச்சே, மைனி குலான் வச்சிருக்காகளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

காதர் அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமினார். "ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. ஏலே, ராஜாதான் பெருசு. கொட்டை உனக்குத்தான், எடு."

"குலானைவிட ராஜா பெருசா? இது எந்த ஊரு நியாயம்லே?"

"உலகம் பூரா அதான் நியாயம். உங்க செங்கோட்டையிலதான் குலான் ராஜாவ அடிக்கான்."

அந்தத் தவறை நாங்கள் இருவருமே செய்தோம். ஆனால் அன்று மாலை முழுவதும், "குலானை வச்சுப் பத்து ஏத்தினா பாரு" என்று என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது என் ஒருத்தியைப் பற்றி மட்டும்தான். வென்றதே தெரியாமல் தலையில் கை வைத்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனாலும் ஆட்டம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேறு எந்த இடத்திலும் நான் ஒருவருக்குத் துணை: மகள், மனைவி, புத்தகம் எடுத்துக் கொடுப்பவள். அந்தப் பாயில் ஐந்து சீட்டு என் கைக்குள் விரிந்தபோது, அவற்றை என்ன செய்வது என்பதை நான் மட்டுமே முடிவு செய்தேன். அறுபதை நெருங்கும்போது அப்படி ஓர் அனுபவம் கிடைப்பது சிறிய காரியம் அன்று.

மைனி ஏத்தினா சரக்கு இருக்கு

இரண்டாம் நாள் பிற்பகல். மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. வெறுங்கையை வைத்துக்கொண்டு பதினைந்து கொட்டையைத் தள்ளி, மற்றவர்களை விலகவைத்து என் கணவர் ஓர் ஆட்டத்தை வென்றார். தம் வெறுங்கையைத் தாமே பெருமையோடு காட்டினார்.

"கெட்டிக்காரன்லே நீ!" என்று பேச்சிமுத்து முதுகில் தட்டினார். "ஒண்ணும் இல்லாம எங்களை ஓட விட்டுட்டியே!"

"அதான் இந்த ஆட்டத்துக்கு உயிரு" என்றார் காதர் அண்ணாச்சி. "கையில இருக்குதத ஆடுதவன் பாதி ஆட்டக்காரன். எதிராளி மனசுல இருக்குதத ஆடணும்."

"மைனிகிட்ட அந்த வேலையெல்லாம் நடக்காது" என்று பேச்சிமுத்து என் பக்கம் திரும்பினார். "மைனி ஏத்தினா சரக்கு இருக்கு, விட்டா சரக்கு இல்ல. மூஞ்சியே சொல்லிரும்."

என்னைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த எண்ணத்தை அப்படி அவர் என் கையிலேயே எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு ஆட்டம் கழித்து எனக்கு வந்த சீட்டுகள்: ஆட்டின் ராணி, கிளாவர் ஒன்பது, இஸ்பேட் ஏழு, டைமன் நாலு, கிளாவர் இரண்டு. ஒன்றோடொன்று சேராத ஐந்து அநாதைகள். நான் மூன்று கொட்டை வைத்தேன். எல்லாரும் ஈடு வைத்தார்கள். சீட்டு மாற்றும் நேரம் வந்தது. காதர் அண்ணாச்சி மூன்று வாங்கினார். பேச்சிமுத்து இரண்டு. என் கணவர் இரண்டு.

"மைனிக்கு எத்தன?"

"எனக்குச் சீட்டு வேண்டாம்."

மாற்றவே வேண்டாத கை என்றால் அது வரிசையாக ஐந்தோ அதற்கும் மேலோ இருக்க வேண்டும். நான் சுவரில் ஒட்டியிருந்த நாள்காட்டித் தாளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். பிறகு இருபது கொட்டைகளைத் தள்ளினேன்.

காதர் அண்ணாச்சி கவிழ்த்தார். "போதும்டா சாமி" என்று பேச்சிமுத்து கவிழ்த்தார். என் கணவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் மூன்று ராஜா இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். மீசையைக் கடித்தார். "சரி, எடுத்துக்கோ" என்று அவரும் கவிழ்த்தார்.

"என்ன வச்சிருந்தீக மைனி? காட்டுங்க" என்றார் பேச்சிமுத்து.

"காட்ட வேண்டியதில்ல" என்று காதர் அண்ணாச்சி சட்டம் சொன்னார். "பாக்கணும்னா ஈடு வச்சுப் பாக்கணும். விட்டவனுக்குக் காட்டப் பிரியமில்லன்னா காட்ட வேண்டாம். அது அவுக இஷ்டம்."

நான் கொட்டைகளை வாரத் தொடங்கினேன். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலில் எழுதினேன்.

துருப்பைத் தொட்டவருக்கு நேர்ந்தது

இந்த நால்வர் எப்படிப்பட்டவர்கள் என்று சொன்னால்தான் என் ஆத்திரம் விளங்கும்.

இருபத்தெட்டில், ஏலம் எடுத்தவர் தமக்குரிய துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். யாராவது முறைப்படி கேட்கும்வரை அதை எவரும் பார்க்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரலில், தேவராஜ் அந்தச் சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்துவிட்டார். என் கணவர்தான் கண்டுபிடித்தார். அன்று போட்ட சத்தம் அடுத்த வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. ஒரு நாள் முழுவதும் தேவராஜோடு யாரும் பேசவில்லை. பாவம், அவர் தனியாக ஐந்தருவியில் குளித்துவிட்டு, தனியாகச் சாப்பிட்டார்.

கவிழ்த்த சீட்டு அவர்களுக்கு அவ்வளவு புனிதம். அந்தப் புனிதம் என் சீட்டுக்கு இல்லாமல் போனது எப்படி?

இன்னொன்று. என் கணவர் பத்திரம் எழுதுபவர். தென்காசிப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவர் மேசையில் ஊரார் சொத்தெல்லாம் உறைக்குள் கிடக்கும். பத்திரத்துக்கு உரியவரின் கூடப் பிறந்த தம்பியே வந்து, "அண்ணன் என்ன எழுதியிருக்கான், லேசாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினாலும் பிரிக்க மாட்டார். "உரியவர் சம்மதம் இல்லாம தொட மாட்டேன்" என்பார். அதற்காக ஊர் அவரை மதிக்கிறது. நானும் மதிக்கிறேன். ஆனால் என் பெயருக்கு வரும் தபால்கள் மட்டும் எப்போதும் பிரிக்கப்பட்டே என் கைக்கு வந்திருக்கின்றன. நூலகர் சங்கத்துக் கடிதம், தங்கையின் பொங்கல் வாழ்த்து, புத்தகப் பார்சல், எதுவானாலும். அதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. ஐந்து சீட்டுகள் மல்லாந்த அந்த நொடியில்தான் அத்தனை உறைகளும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

பொய் என்றாரே, அதற்கும் வருகிறேன். அந்த ஆட்டத்தில் நான் பேசியது ஒரே தொடர்: எனக்குச் சீட்டு வேண்டாம். அது முழு உண்மை. வேண்டாம், வாங்கவில்லை. மற்றதெல்லாம் அவர்களாக நினைத்துக்கொண்டது. இரண்டு ஆட்டத்துக்கு முன் அவர் அதையே செய்தபோது அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம்.

அறைக்குள்

அன்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். சற்று நேரம் கழித்து அவர் வந்தார். ஈரத் துண்டு ஒன்றை விலக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"என் சீட்டை ஏன் திருப்பினீங்க?"

"சீட்டுதானட்டி? நம்ம சீட்டுதான?"

"நம்ம சீட்டா? ஆடும்போது எனக்கு எதிராளியாத்தான இருந்தீங்க?"

"பொண்டாட்டி சீட்டைப் புருசன் பாத்தா குடி முழுகிருமாக்கும்?"

"பேச்சிமுத்து அண்ணாச்சி சீட்டைத் திருப்பியிருப்பீங்களா?"

சிரித்தார். "அவன் கையை ஒடிச்சிருப்பாம்லா."

"அப்ப, ஒடிக்காத ஆளாப் பாத்துத் திருப்பியிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. வெளியே ஓட்டில் மழை. என்னைப் பாராமலே கேட்டார்: "இத்தன வருசமா இந்த முகத்த எங்கன வச்சிருந்த?"

சந்தேகம் அது. மூன்று ராஜாவைப் போட்டுவிட்டு ஓடவைத்த முகம், வேறு எதையெல்லாம் அவரிடமிருந்து மறைத்திருக்கும் என்ற சந்தேகம்.

அந்த முகத்தை நான் எங்கே கற்றேன் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டுகளில், ஒரு பத்திரத்தில் அவர் நில எண்ணை மாற்றி எழுதிவிட்டார். கைத்தவறுதான். ஆனால் சில மாதங்கள் பத்திரமே எழுதக் கூடாது என்று தடை வந்தது. அவமானம் தாங்காமல் உள்ளறையில் படுத்துவிட்டார். வெளியே வரவே மாட்டார். அந்த நாட்களில் சுரண்டையிலிருந்து என் தங்கை வந்தாள். "அத்தான் எங்கக்கா?" என்றாள். "திருநெல்வேலிக்குப் போயிருக்காக, நாளைக்குத்தான் வருவாக" என்றேன். உள்ளறைக் கதவுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து அவள் காப்பி குடித்தாள். அவர் இருமிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே, ஒரு சொட்டும் சிந்தாமல் நான் ஆற்றிக் கொடுத்தேன். அவள் போனபிறகு வெளியே வந்து, என் தலையில் கை வைத்து, "நீ குடும்பப் பாங்கானவ" என்றார்.

அன்று சொன்னது கலப்படமில்லாத பொய். அவருக்காகச் சொன்னதால் அதற்குக் குடும்பப் பாங்கு என்று பெயர் கிடைத்தது. எனக்காக ஓர் ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது பொய்யாகிவிட்டது.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, "எழுது" என்றார். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

சீட்டைத் திருப்பியதற்கு மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "சரி, தப்புதான். போதுமா?" என்றார்.

"போதாது. எல்லார் முன்னாடியும் திருப்பினீங்க. அவங்க முன்னாடியே சொல்லுங்க."

"அவன்வ முன்னாடியா? ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான்வட்டி."

"நேத்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

"சொல்லலன்னா?"

"உங்களோட அந்தப் பாயில இனி உட்கார மாட்டேன். இந்த வருசம் மட்டும் இல்ல."

நான் எதை இழக்கப்போகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மேற்படி வேண்டாம்

அன்று பிற்பகல் அடுக்களையில் செல்வியும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"சீட்டுக்குப் போயி இவ்வளவு கோவமாக்கா?" என்றாள் செல்வி. "எங்க வீட்டுல எனக்குன்னு வருத கல்யாணப் பத்திரிகையைக்கூட அவுக பிரிச்சிட்டுத்தான் தருவாக. என் போனுக்கு எங்கம்மா கூப்பிட்டாலும் அவுகதான் மொதல்ல எடுத்து, என்ன ஏதுன்னு கேட்டுட்டுக் குடுப்பாக. நான் என்ன, கோவிச்சுக்கிட்டா இருக்கேன்?"

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும், உரித்த வெங்காயத்தையே எடுத்து மறுபடியும் உரிக்கத் தொடங்கினாள்.

கூடத்திலிருந்து பேச்சிமுத்துவின் குரல் கேட்டது. "சங்கரா, போயி மைனியக் கூப்பிடுலே. பொழுது போவல."

"கூப்பிட்டா வர மாட்டாக" என்றார் காதர் அண்ணாச்சி. "வரவும் கூடாது. கப்பல்ல ஒருத்தன் சீட்டை இன்னொருத்தன் திருப்பினான்னா, கரை சேருத வரைக்கும் அவனுக்குச் சீட்டு போட மாட்டோம். நேத்தே நான் சொல்லியிருக்கணும். சட்டம் சொல்லிக் குடுத்துட்டுப் பேசாம இருந்தது என் தப்பு." சீட்டுக் கட்டைப் பெட்டிக்குள் தள்ளி மூடும் சத்தம் கேட்டது.

நியாயமான மனிதர். அவருக்கு நன்றி உண்டு. ஆனால் நன்றியோடு எரிச்சலும் வந்தது. நேற்று முதல் நான் சொன்னபோதெல்லாம் மூஞ்சியைத் தூக்கியதாக இருந்த ஒன்று, அண்ணாச்சி ஒருமுறை சொன்னதும் கப்பல் சட்டமாகிவிட்டது.

சற்று நேரத்தில் என் கணவர் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன கொஞ்சம் வா."

வெங்காய ஈரக் கையோடு வாசற்படியில் போய் நின்றேன். செல்வியும் பின்னால் வந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "நேற்றைய தினம் பிற்பகல், மேற்படி சீட்டுகளை உரியவர் சம்மதம் இல்லாமல்…"

பேச்சிமுத்து வெடித்துச் சிரித்தார். "எழுதுலே, எழுது! சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்!"

"மேற்படி வேண்டாம்" என்றேன். "பத்திரத் தமிழ்ல யாரும் வருத்தப்படுதது கிடையாது. நம்ம பேச்சுல சொல்லுங்க."

அவர் பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் கறுத்திருந்தது.

"உன் சீட்டை நான் திருப்பியிருக்கக் கூடாது. அது உன் சீட்டு."

பேச்சிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் செல்வி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு இங்கன?" என்றார் அவள் கணவர்.

"ராணி பெருசா, குலான் பெருசான்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன். போடுங்க அண்ணாச்சி, எனக்கும் அஞ்சு."

ஐந்து பேர் ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் நான் மறுபடியும், "சீட்டு வேண்டாம்" என்றேன். மறுபடியும் இருபது கொட்டைகளைத் தள்ளினேன். செல்வி விட்டாள். காதர் அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு விட்டார். பேச்சிமுத்து தம் கொட்டைகளை இரண்டுமுறை எடுத்து இரண்டுமுறை கீழே வைத்தார். "இருக்கா, இல்லையா? ஐயோ, இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே!" என்று விட்டார். கடைசியாக என் கணவரும் விட்டார். விட்டதும் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் கொட்டைகளை அவசரமில்லாமல் வாரினேன். பிறகு என் ஐந்து சீட்டுகளையும் எடுத்து, கட்டுக்குள் செருகி, கலைத்துவிட்டேன்.

பேச்சிமுத்து இன்றுவரை விடவில்லை. தென்காசியில் அவர் கடைப்பக்கம் போனால், ஆணி நிறுத்துக்கொண்டே, "அன்னைக்கு அதுல என்னதான் இருந்துச்சு மைனி?" என்கிறார். என் கணவர் கேட்பதில்லை. கேட்கத் துடிப்பது மட்டும் முகத்தில் அப்படியே தெரிகிறது.

இவ்வளவு தூரம் வாசித்த நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். உங்களில் எவரும் ஈடு வைக்கவில்லை. சொல்ல மாட்டேன்.